தீவைத் தேடி வந்தவர்கள் – 7: அம்மாவையும் வரவழைத்த பிக்கு

1939 செப்டம்பரில் பிரிட்டன் ஜெர்மனி மீது போர் அறிவித்ததும், பிரிட்டிஷ் கொடி பறந்த இடங்களிலெல்லாம் ஜெர்மன்காரர்களைப் பிடித்து அடைக்கத் தொடங்கினார்கள். இலங்கையும் விலக்கல்ல. பிடிபட்ட மாலுமிகள், வணிகர்களோடு மொட்டைத் தலையும் காவி உடையுமாகச் சில பிக்குகளும் நின்றார்கள். அவர்களில் ஒருவர் ஞானபோனிக தேரர். பிறப்பால் யூதர். 1935-ல் ஹிட்லர் அரசு போட்ட நியூரம்பர்க் சட்டங்கள் யூதர்களின் குடியுரிமையைப் பறித்துவிட்டன. ஜெர்மனி தன் பிள்ளை இல்லை என்று கைகழுவிய ஆளை, ஜெர்மனியின் ஆள் என்று சொல்லி பிரிட்டிஷார் தியத்தலாவை முகாமில் அடைத்தார்கள். இந்த அபத்தத்தைக் கேட்க அப்போது யாருக்கும் நேரமில்லை.

அவருடைய இயற்பெயர் சீக்முண்ட் ஃபெனிகர். 1901-ல் ஹானாவ் நகரில், ஒரு யூதக் குடும்பத்தில் ஒரே பிள்ளையாகப் பிறந்தார். வீட்டில் சமயப் பற்று உண்டு. பையன் எபிரேயமும் படித்தான். படிப்பு முடிந்து புத்தகக் கடையில் வேலைக்குச் சேர்ந்தபோதுதான் எல்லாம் மாறியது. கடைக்கு வரும் புத்தகங்களில் பௌத்த நூல்களும் இருந்தன. படித்தார், விடவில்லை. பெர்லினுக்குப் போன பிறகு, அங்கே தன்னைப் போலவே புத்தரைத் தேடிக்கொண்டிருந்தவர்களின் பழக்கம் கிடைத்தது. போன வாரம் நாம் பார்த்தோமே, வயலின் கலைஞராக இருந்து துறவியான ஞானதிலோகர், அவருடைய மொழிபெயர்ப்புகளும் அங்கேதான் கைக்கு வந்தன. ஒரு ஜெர்மன்காரர் இலங்கையில் ஒரு தீவில் துறவியாக வாழ்கிறார் என்றால், நாமும் ஏன் போகக் கூடாது?

போகமுடியவில்லை. 1932-ல் அப்பா இறந்தார். அம்மா தனி. அடுத்த ஆண்டு ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். துறவு வாங்கப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்பது புத்தர் காலத்திலிருந்து வரும் விதி. சம்மதம் கிடைத்தாலும், யூதப் பெண்மணி ஒருவரை அந்தப் பெர்லினில் தனியாக விட்டுவிட்டு நிர்வாணத்தைத் தேடிக் கப்பலேற எந்த மகனுக்கு மனம் வரும்? 1935 கடைசியில் அம்மாவை உறவினர்கள் இருந்த வியன்னாவுக்கு அழைத்துப்போய்க் குடிவைத்தார். 1936 தொடக்கத்தில் இலங்கைக்குக் கிளம்பினார்.

காலிக்கு அருகே தொடந்துவை. ரத்கம களப்பின் நடுவே பொல்கஸ்துவ என்ற சின்னத் தீவு. 1911-ல் ஞானதிலோகர் அமைத்த ஆசிரமம் அங்கே இருக்கிறது. படகில்தான் போகவேண்டும். மரங்களுக்கிடையே தனித்தனிக் குடில்கள், அன்றாட உணவு பிச்சைப் பாத்திரத்தில். அங்கே 1936 ஜூனில் ஃபெனிகர் தலைமழித்து ஞானபோனிக ஆனார். மறு ஆண்டு உபசம்பதா பெற்று முழு பிக்கு ஆனார்.

வியன்னா பாதுகாப்பான ஊர் என்ற கணக்கு 1938 மார்ச்சில் பொய்த்தது. ஆஸ்திரியாவை ஹிட்லர் விழுங்கிவிட்டார். துறவு பூண்டவருக்கு அம்மா ஏது, வீடு ஏது என்று நம் ஊரில் கேட்பார்கள். பட்டினத்தார் மட்டும் விதிவிலக்கு. பௌத்தத் துறவிகளுக்கான விதிகளான விநயம் இந்த விஷயத்தில் கொஞ்சம் இளகிய மனம் கொண்டது. பெற்றோருக்கு உதவுவதைத் தடுப்பதில்லை. ஞானபோனிகர் அம்மாவையும் சில உறவினர்களையும் இலங்கைக்கு வரவழைத்தார். இலங்கை வங்கியின் முதல் தலைவரும் பௌத்தருமான சர் ஏர்னஸ்ட் டி சில்வா அவர்களுக்குக் கொழும்பில் இடம் கொடுத்து ஆதரித்தார். சிறிது காலத்தில் மகன் முள்வேலிக்குள் போய்விட்டார். மகனைப் பிடித்த அரசின் நிழலில் அம்மா. அதே அரசின் சிறையில் மகன். பிற்காலத்தில் அந்த அம்மாவும் திரிசரணம் சொல்லி பௌத்தரானார். 1956-ல் கொழும்பில் காலமானார். ஐரோப்பாவில் தங்கிப்போன யூதர்களில் 60 லட்சம் பேருக்கு என்ன நேர்ந்தது என்பதை நான் சொல்லவேண்டியதில்லை.

தியத்தலாவையிலிருந்து கைதிகளை இந்தியாவுக்கு மாற்றினார்கள். டேராடூன் முகாம். ஹைன்ரிஹ் ஹாரர் என்ற மலையேறி 1944-ல் தப்பித்துத் திபெத்துக்கு ஓடியது இந்த முகாமிலிருந்துதான். ஹாரரின் கதை உலகப் புகழ் பெற்று ஹாலிவுட் வரை போனது. அதே வேலிக்குள் உட்கார்ந்து ஞானதிலோகரும் ஞானபோனிகரும் செய்த வேலைக்கு அந்தப் புகழ் இல்லை. ஹிட்லரின் விசுவாசிகளும் அடைபட்டிருந்த முகாமில், ஒரு யூதர் பாலி மொழியின் சுத்தநிபாதத்தை ஜெர்மன் மொழிக்குக் கொண்டுவந்தார். தன்னைத் துரத்திய நாட்டின் மொழிக்கு! அபிதம்மத்தின் முதல் நூலான தம்மசங்கணியையும் மொழிபெயர்த்தார். எனக்கென்னவோ ஹாரர் பனிமலையைக் கடந்ததைவிட இதுதான் பெரிய சாகசமாகப் படுகிறது.

1946-ல் விடுதலை. 1951-ல் இலங்கைக் குடியுரிமை. பிறகு கண்டியில், தலதா மாளிகைக்குப் பின்னால் உள்ள உடவத்தகெலே காட்டுக்குள் ஒரு ஆசிரமம். 1958 ஜனவரி 1 அன்று, ரிச்சர்ட் அபேசேகர, ஏ.எஸ். கருணாரத்ன என்ற இரண்டு கண்டி நண்பர்களோடு சேர்ந்து பௌத்த வெளியீட்டுச் சங்கத்தைத் தொடங்கினார். ஆங்கிலத்தில் சில சிறு பிரசுரங்களைப் போட்டு வெளிநாட்டுக்கு அனுப்பலாம் என்ற அளவில்தான் ஆரம்பம். அது நிற்கவே இல்லை. காட்டுக் குடிலில் உட்கார்ந்து 26 ஆண்டுகள் அவரே பதிப்பாசிரியர். கையெழுத்துப் பிரதிகளைத் திருத்துவது, வாசகர் கடிதங்களுக்குப் பதில் எழுதுவது என்று புத்தகக் கடைப் பையன் தன் பழைய தொழிலுக்கே திரும்பிவிட்டார் என்று சொல்லலாம். சதிபட்டானம் என்ற விழிப்புணர்வுத் தியானம் பற்றி அவர் எழுதிய நூல், 1960-70களில் ஆசியாவுக்கு வந்த மேற்கத்திய இளைஞர்கள் பலரின் பையில் இருந்தது.

தமிழ் வாசகர் ஒருவர் இங்கே குறுக்கிடுவார் என்று எனக்குத் தெரியும். 1958 என்றால் நமக்கு வேறு நினைவு வரும். ஜனவரியில் சங்கம் பிறந்தது. மே மாதம் தமிழர்களின் வீடுகள் எரிந்தன. இரண்டு ஆண்டுகளுக்கு முன்தான் சிங்களம் மட்டும் சட்டம் வந்திருந்தது. அதற்காக முன்வரிசையில் நின்றவர்களில் பிக்குகளும் உண்டு. பெரும்பான்மை வெறியிலிருந்து தப்பி வந்தவர்கள், இன்னொரு பெரும்பான்மைவாதம் தலையெடுத்த மண்ணில் புத்தரின் அமைதியைப் பதிப்பித்துக்கொண்டிருந்தார்கள். என் கருத்து இது: அவர்கள் தேடி வந்த பௌத்தம் ஏட்டிலும் காட்டிலும் இருந்தது. தெருவில் இருந்த பௌத்தத்தோடு அதற்குப் பேச்சுவார்த்தை குறைவு. உலகம் இன்று கண்டியிலிருந்து படிப்பது அந்த ஏட்டு பௌத்தத்தை. யாழ்ப்பாணத்துக்காரருக்கு அறிமுகமானது மற்றது. இரண்டும் ஒரே தீவில்தான் விளைந்தன.

இந்தக் கதைக்கு அதைவிடப் பழைய முடிச்சு ஒன்று உண்டு. 1893-ல் சிகாகோ சர்வமத மாநாட்டில் விவேகானந்தர் பேசினார் என்பது நமக்கு மனப்பாடம். அதே மேடையில் கொழும்பிலிருந்து போன அநகாரிக தர்மபாலவும் பேசினார். மாநாடு முடிந்த கையோடு சிகாகோவில் ஒருவருக்குத் திரிசரணம் வழங்கினார். அமெரிக்க மண்ணில் முறைப்படி பௌத்தரான முதல் ஆள் என்று சொல்லப்படும் அவர் பெயர் சார்ல்ஸ் ஸ்ட்ராஸ். நியூயார்க் வணிகர், யூதர். சிங்கள பௌத்த தேசியத்தின் மூலவராக வரலாற்றாளர்கள் காட்டுவதும் இதே தர்மபாலவைத்தான். ஒரே மனிதரின் இரண்டு கைகள்.

தொடந்துவைக்குத் திரும்புவோம். அதே களப்பில் பரப்புதுவ என்ற இன்னொரு தீவு. அங்கே 1980களில் பெண் துறவிகளுக்கென்று ஒரு மடம் எழுந்தது. எழுப்பியவர் அய்யா கேமா. 1923-ல் பெர்லினில் பிறந்த யூதப் பெண். 15 வயதில், குழந்தைகளை மட்டும் ஏற்றிச் சென்ற கப்பலில் ஸ்காட்லாந்து, பெற்றோர் ஷாங்காய். பிறகு மகளும் ஷாங்காய் போய்ச் சேர்ந்தார். அங்கே ஜப்பானியர் யூதர்களை ஒரு பகுதிக்குள் அடைத்தார்கள். போர் முடியச் சில நாட்களே இருந்தபோது அப்பா இறந்தார். கல்யாணம், குழந்தைகள், அமெரிக்கா, ஆஸ்திரேலியாவில் பண்ணை என்று ஒரு முழு வாழ்க்கையை வாழ்ந்து முடித்து, 1979-ல் இலங்கையில் தலைமழித்தார். வயது 56. தேரவாதத்தில் பிக்குணி மரபு பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அறுந்துபோயிருந்ததால், இலங்கையில் அவருக்குக் கிடைத்தது பத்துச் சீலம் காக்கும் துறவியின் இடம்தான். முழு பிக்குணி ஆக 1988-ல் லாஸ் ஏஞ்சலீஸில் உள்ள ஒரு சீனக் கோயிலுக்குப் போனார். மறு ஆண்டு, இலங்கைத் தெற்கில் ஜே.வி.பி. கிளர்ச்சியும் அதை நசுக்கிய அரசும் இரத்தம் கொட்டிக்கொண்டிருந்தபோது, அவர் போன இடம் எது தெரியுமா? ஜெர்மனி. தன்னைத் துரத்திய நாட்டிலேயே தியான மையம் அமைத்து, 1997-ல் சாகும்வரை அந்த மக்களுக்குப் போதித்தார். மன்னிப்பைப் பற்றி யாரும் பேசலாம். விசா எடுத்துப் போய் அங்கேயே குடியிருப்பது வேறு.

இவர்கள் அகதிகள். அடுத்து வந்த அமெரிக்க யூதர்களை எந்த ஹிட்லரும் துரத்தவில்லை. நல்ல படிப்பு, வசதியான வீடு. 1975-ல் மாசசூசெட்ஸின் பேரி என்ற ஊரில் விபஸ்ஸனா மையம் தொடங்கிய ஜோசப் கோல்ட்ஸ்டீன், ஷாரன் சால்ஸ்பர்க், ஜாக் கோர்ன்ஃபீல்ட் மூவரும் யூதக் குடும்பத்தவர்கள். மருத்துவமனைக்குள் தியானத்தைக் கொண்டுபோன ஜான் கபாட்-ஸின்னும் அப்படியே. ஏன் இத்தனை யூதர்கள்? ஹிட்லர் 60 லட்சம் பேரைக் கொன்றபோது கடவுள் எங்கே போனார் என்ற கேள்வி அந்தத் தலைமுறையின் வீடுகளில் இருந்தது; கடவுளை நம்பச் சொல்லாத மதம் ஒன்று எதிரே வந்தது. கிறிஸ்தவத்துக்கு மாறினால் பல நூற்றாண்டு காலம் தம் முன்னோரைத் துன்புறுத்தியவர்கள் பக்கம் போனதாக ஆகும். பௌத்தத்தோடு அப்படிப் பழங்கணக்கு எதுவும் இல்லை. மேலும் யூதர் என்பது பிறப்பால் வருவது. தியானத்தில் உட்கார்ந்தால் போய்விடாது. பாடகர் லியோனார்ட் கோஹன் 1996-ல் ஜென் துறவியாகத் தீட்சை பெற்றவர். யூதரின் ஓய்வுநாளை அனுசரிப்பதையும் விடவில்லை. தனக்கு ஏற்கெனவே ஒரு மதம் இருக்கிறது, புதிதாக ஒன்று தேவையில்லை என்பது அவர் நிலை. சிலை முன் வணங்குவதை மூதாதையர் ஏற்பார்களா என்று கண்டிக்கும் ராபிகளும் உண்டு. அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை.

1990-ல் யூத அறிஞர்களும் ராபிகளும் தர்மசாலா போய் தலாய் லாமாவைச் சந்தித்தார்கள். நாடில்லாமல் இரண்டாயிரம் ஆண்டு எப்படித் தாக்குப்பிடித்தீர்கள் என்று அவர் கேட்டார். எங்கள் பிள்ளைகள் ஏன் உங்களிடம் வருகிறார்கள் என்ற கவலையோடு போனவர்கள் அவர்கள்.

இலங்கைக்கு 1972-ல் வந்தவர்களில் புரூக்ளினில் பிறந்த யூத இளைஞர் ஒருவர் இருந்தார். கையில் தத்துவத்தில் முனைவர் பட்டம். பிக்கு போதி என்று துறவுப் பெயர். 1984-ல் ஞானபோனிகரிடமிருந்து பதிப்பாசிரியர் பொறுப்பை ஏற்றுக்கொண்டு, காட்டு ஆசிரமத்தில் முதியவரோடு இருந்து கடைசிவரை கவனித்துக்கொண்டார். 1994 அக்டோபர் 19 அன்று ஞானபோனிகர் காலமானார். அவர் அஸ்தி பொல்கஸ்துவத் தீவில், குரு ஞானதிலோகரின் பக்கத்தில் இருக்கிறது. இன்று உலகெங்கும் ஆங்கிலத்தில் புத்தரின் பாலிச் சூத்திரங்களைப் படிப்பவர்கள் பெரும்பாலும் முதலில் எடுப்பது போதியின் மொழிபெயர்ப்புகளைத்தான்.

கண்டிக்குப் போகிறவர்கள் தலதா மாளிகையோடு திரும்பிவிடாதீர்கள். ஏரிக்கரையிலேயே, சங்கராஜ மாவத்தையில் பௌத்த வெளியீட்டுச் சங்கத்தின் புத்தகக் கடை இருக்கிறது. ஒரு எட்டு உள்ளே போய்ப் பாருங்கள்.

(தொடரும்)