பிசியோதெரபி பட்டப்படிப்பு: பணம் கட்டும் முன் பெற்றோர் கேட்க வேண்டியவை

பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் நடப்பவர்களுக்குப் பார்வையற்றோர் நடத்தும் உடம்பு பிடித்துவிடும் நிலையங்கள் நன்றாகப் பழக்கம். 1951-இல் தொடங்கப்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இங்கேதான் இருக்கிறது. அங்கே பயிற்சி பெற்று, இந்தத் தொழிலை நம்பிக் கௌரவமாகக் குடும்பம் நடத்துபவர்கள் பலர். இன்னொரு பக்கம், கிள்ளான் பள்ளத்தாக்கு முழுவதும் கடைவீடுகளில் பிசியோதெரபி கிளினிக் பலகைகள் கூடிக்கொண்டே வருகின்றன.

இரண்டும் ஒன்றுதான் என்று நினைப்பவர்கள் நம்மிடையே அதிகம். அதனால்தான் பிள்ளை வந்து "பிசியோ படிக்கப் போறேன்" என்று சொன்னதும், "நாலு வருசம் படிச்சு, மத்தவங்களுக்கு உடம்பு பிடிச்சு விடவா?" என்ற கேள்வி வீட்டில் எழுகிறது. இதற்கு நேர்மாறான வீடுகளும் உண்டு. மருத்துவத்துக்கு இடம் கிடைக்கவில்லையா, அதற்குப் பதிலாக இது, எப்படியும் ஆஸ்பத்திரியில்தானே வேலை என்று பிள்ளையைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார்கள். இரண்டு எண்ணமும் பிள்ளையின் நான்கு ஆண்டுகளையும் வீட்டுச் சேமிப்பையும் பாதிக்கக்கூடியவை.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 2016-ஆம் ஆண்டில் அடுத்தடுத்த எண்களில் இரண்டு சட்டங்கள் வந்தன. சட்டம் 774, சுகாதாரத் துணைத்தொழில்களுக்கானது. பிசியோதெரபி இதில் வருகிறது. சட்டம் 775, பாரம்பரிய மருத்துவத்துக்கும் மாற்று மருத்துவத்துக்குமானது. பாரம்பரிய மலாய் மருத்துவம், பாரம்பரிய இந்திய மருத்துவம், கைரோபிராக்டிக் போன்றவை அதன் கீழ் வருகின்றன. சட்டம் 774 நடப்புக்கு வந்தது 2020 ஜூலை 1-ஆம் தேதி. அதற்கு முன்பு, யார் வேண்டுமானாலும் பிசியோதெரபிஸ்ட் என்று பலகை மாட்டலாம் என்ற நிலைதான் இருந்தது. இப்போது அந்தத் தொழிலைச் செய்ய அங்கீகரிக்கப்பட்ட தகுதி வேண்டும், மன்றத்தில் பதிவு வேண்டும், தொழில் செய்வதற்கான சான்றிதழும் வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பிசியோதெரபி என்ற தொழிலே உடம்பு பிடித்துவிடுவதிலிருந்துதான் பிறந்தது. 1894-இல் லண்டனில் நான்கு தாதியர் சேர்ந்து, பயிற்சி பெற்ற மசாஜ் பெண்களுக்காக ஒரு சங்கம் தொடங்கினார்கள். மசாஜ் என்றாலே முகம் சுளிக்கும் அளவுக்கு அப்போது பெயர் கெட்டிருந்தது. தேர்வு வைத்தார்கள், ஒழுக்க விதி வகுத்தார்கள். 1920-இல் அந்தச் சங்கத்துக்கு அரச சாசனம் கிடைத்தது. முதலாம் உலகப் போரில் கண்ணிழந்த சிப்பாய்களும் பயிற்சி பெற்று இதே தொழிலில் சேர்ந்தார்கள். ஆக, பிரிக்பீல்ட்ஸ் மாடிப்படிகளில் ஏறிப்போகும் நம்மூர்க்காரர்களைக் குறைத்துப் பேச பிசியோ படித்தவருக்கு எந்த உரிமையும் இல்லை. ஆனால் வந்த வழி ஒன்றாக இருந்தாலும், இன்று இரண்டும் வெவ்வேறு வேலைகள்.

என்ன வேறுபாடு? பக்கவாதத்தை எடுத்துக்கொள்வோம். வீட்டில் பாட்டிக்கு ஒரு பக்கம் விழுந்துவிட்டால், நாம் உடனே செய்வது எண்ணெய் தேய்த்து உருவிவிட ஆள் தேடுவது. பிசியோ மாணவர் பாடத்தில் படிப்பது இது: மூளையில் இறந்துபோன பகுதி திரும்ப உயிர் பெறாது. மற்றப் பகுதிகள்தாம் அந்த வேலையைக் கற்றுக்கொள்ள வேண்டும். அதற்கு, எழுந்து உட்காருவது, குவளையை எட்டிப் பிடிப்பது போன்ற ஒரே அசைவை நோயாளி தானே முயன்று மீண்டும் மீண்டும், நூற்றுக்கணக்கான தடவை செய்தாக வேண்டும். தேய்த்துவிடும்போது உழைப்பது தேய்ப்பவரின் கை. பாட்டியின் மூளைக்கு அதில் அதிக வேலையில்லை. முதல் சில மாதங்களில்தான் முன்னேற்றம் வேகமாக இருக்கும் என்பதால், படுக்கையில் கழியும் ஒவ்வொரு வாரமும் நஷ்டம்.

தோள்பட்டை விஷயமும் அப்படித்தான். தோள் மூட்டை இடத்தில் பிடித்து வைத்திருப்பவை பெரும்பாலும் தசைகள். அவை தளர்ந்துவிட்டால், தொங்கும் கையின் பாரமே மூட்டைக் கீழே இறக்கிவிடும். அந்த நேரத்தில், கட்டிலிலிருந்து எழுப்புகிறேன் என்று விழுந்த கையைப் பிடித்து இழுத்தால், பல மாதம் தீராத வலி வந்துவிடலாம். அன்போடு செய்யும் தவறு இது.

நீரிழிவுக்கு வருவோம். 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வுப்படி நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இனவாரியாகப் பார்த்தால் ஆக உயர்ந்த விகிதம் இந்தியர்களிடம்தான். கால் எடுக்கப்பட்ட ஒருவராவது இல்லாத தோட்டமோ தாமானோ அரிது. முழங்காலுக்குக் கீழே கால் எடுத்தவருக்கு வசதியாக இருக்கட்டும் என்று முட்டிக்கு அடியில் தலையணை வைக்கிறோம். அப்படியே வாரக்கணக்கில் மடங்கிக் கிடந்தால், முட்டி மடங்கியபடியே இறுகிவிடும். பிறகு செயற்கைக் கால் பொருத்துவதே சிரமம். தலையணையை எடுக்கச் சொல்வதும், காலை நீட்டி வைக்கப் பழக்குவதும், கட்டு எப்படிப் போடுவது என்று மனைவிக்குச் சொல்லிக்கொடுப்பதும் பிசியோதெரபிஸ்டின் வேலை.

எப்போது தொடக்கூடாது என்பதும் பாடம்தான். ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக வலித்தால் உள்ளே இரத்தம் உறைந்திருக்கலாம். அதைப் போட்டுப் பிசைந்தால் கட்டி நுரையீரலுக்குப் போகும் ஆபத்து உண்டு. இடுப்பு வலியோடு சிறுநீர் போவதில் சிக்கலும் தொடையிடுக்கில் மரத்துப்போவதும் சேர்ந்து வந்தால், பயிற்சி எதுவும் கிடையாது, நேராக மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

இவற்றுக்காகத்தான் நான்கு ஆண்டு. தொடக்கத்தில் உடற்கூறியல், உடலியங்கியல், உடல் அசைவின் இயற்பியல். பிறகு எலும்பு, நரம்பு, இதயம், நுரையீரல் என்று பிரிவு பிரிவாகச் சிகிச்சை முறைகள். மேல் ஆண்டுகளில் மருத்துவமனைகளில் நீண்ட பயிற்சி. புத்தகத்தை மனப்பாடம் செய்து கரையேறிவிடலாம் என்று நினைப்பவர்கள் திணறும் இடம் இந்தப் பயிற்சிதான். ஆள் கனத்தைத் தாங்கித் தூக்க வேண்டும், சளியையும் புண்ணையும் பார்த்துப் பின்வாங்கக்கூடாது, ஆணோ பெண்ணோ நோயாளியைத் தொட்டுத்தான் ஆக வேண்டும். மகளை அனுப்பத் தயங்கும் பெற்றோர் இதைச் சேர்வதற்கு முன்பே பிள்ளையோடு பேசிவிடுவது நல்லது. இரண்டாம் ஆண்டில் பேசிப் பயனில்லை.

நம் பிள்ளைகளுக்கு இங்கே தனியாக ஒரு பலம் உண்டு. தோட்டத்திலேயே வாழ்ந்து வயதான ஒருவருக்கு வலியை மலாயில் விவரிக்க வராது. 'குடையுது', 'சுள்ளுனு இழுக்குது', 'மதமதன்னு இருக்கு' ஆகிய மூன்றும் மூன்று வேறு உணர்வுகள். பிசியோவுக்கு அந்த வேறுபாடு முக்கியம், ஏனென்றால் நரம்பு வலியா தசை வலியா என்பதற்கான முதல் தடயம் அங்கேதான் இருக்கிறது. குலை வெட்டி முதுகு போனவர்கள் சொக்சோ மறுவாழ்வுக்குப் போகும்போதும் இதே கதைதான்.

சேரும் வழி: எஸ்பிஎம் முடித்த கையோடு பட்டப்படிப்பில் சேர முடியாது. எஸ்டிபிஎம், மெட்ரிகுலேஷன், அறிவியல் அடிப்படைப் படிப்பு அல்லது டிப்ளோமா வேண்டும். உயிரியல் பாடத்தை எஸ்பிஎம்மிலேயே விட்டுவிட்ட பிள்ளைக்கு வழி குறுகிவிடும். அரசாங்கத் தரப்பில் யூகேஎம் தன் கோலாலம்பூர் வளாகத்தில் இந்தப் பட்டத்தை நடத்துகிறது. யூஐடிஎம்மிலும் உண்டு, ஆனால் இளங்கலையில் நம் பிள்ளைகளுக்கு அங்கே இடமில்லை என்பது தெரிந்ததே. ஆகவே பலர் போய்ச் சேருவது தனியாருக்கு: சுங்கை லோங் யூடார், கெடா ஏய்ம்ஸ்ட் என்று பட்டியல் நீளும்.

பணம் கட்டும் முன் பெற்றோர் கேட்க வேண்டியவை இரண்டு கேள்விகள். ஒன்று, இந்தப் படிப்புக்கு எம்கியூஏவின் முழு அங்கீகாரம் இருக்கிறதா, தற்காலிக அங்கீகாரம் மட்டும்தானா? கல்லூரி பெரியது, கட்டடம் அழகு என்பதெல்லாம் வேறு. அங்கீகாரம் படிப்புக்குத்தான் கொடுக்கப்படுகிறது. எம்கியூஏ அகப்பக்கத்தில் எவரும் தேடிப் பார்க்கலாம். இரண்டு, இந்தப் பட்டத்தை வைத்துச் சட்டம் 774-இன் கீழ் பிசியோதெரபிஸ்டாகப் பதிவு செய்ய முடியுமா? 'விளையாட்டு அறிவியல்', 'மறுவாழ்வு அறிவியல்' என்று பெயர் கொண்ட படிப்புகளும் இருக்கின்றன. நல்ல படிப்புகளாக இருக்கலாம், ஆனால் பெயர் நெருங்கியிருப்பதால் பதிவும் கிடைத்துவிடும் என்று எண்ணக்கூடாது. கண்காட்சிக் கூடாரத்தில் வாயால் சொல்லும் பதிலை நம்பாமல் எழுத்தில் கேளுங்கள்.

பிடிபிடிஎன் கடன் கிடைக்கும், ஆண்டுக்கு 1 விழுக்காடு சேவைக் கட்டணம். ஆனால் தனியார் கட்டணம் முழுவதையும் அது சுமக்கும் என்று கணக்குப் போட வேண்டாம். மருத்துவமனைப் பயிற்சிக்காலத்தில் போக்குவரத்து, வாடகை என்று தனிச் செலவும் வரும்.

பணம்தான் தடை என்றால் டிப்ளோமாவும் கௌரவமான வழியே. அதை முடித்தும் பதிவு பெற்று வேலை பார்க்கலாம், பின்னர் பட்டத்துக்குப் போகலாம். அரசாங்க வேலையில் மட்டும் தரம் வேறுபடும்: டிப்ளோமாவுக்கு முன்பு யூ29, பட்டத்துக்கு யூ41. 2024 டிசம்பரில் வந்த புதிய சம்பள முறையில் அவை யூ5, யூ9.

தமிழ்நாட்டுக்கு அனுப்ப நினைப்பவர்களும் இருக்கிறார்கள். அங்கே பிபிடி என்ற பட்டம், ஆறு மாத உள்ளிருப்புப் பயிற்சியோடு நாலரை ஆண்டு என்பது நீண்டகால வழக்கமாக இருந்தது. மொழி சுலபம், உறவினரும் இருப்பார்கள். ஆனால் திரும்பி வந்து இங்கே தொழில் செய்ய மலேசிய மன்றம்தான் பதிவு கொடுக்க வேண்டும். அந்தக் கல்லூரியின் பட்டம் ஏற்றுக்கொள்ளப்படுமா என்று மன்றத்திடம் எழுதிக் கேட்டு, பதில் கைக்கு வந்த பிறகு விமான டிக்கெட் வாங்கினால் போதும்.