சிறையிலிருந்து வருபவருக்கு ஒரு வாடகை வீடு



கோவை மத்திய சிறையிலிருந்து விடுதலையாகி வருபவருக்கு முதலில் வேலை வேண்டும் என்பார்கள் பலர். நாங்கள் பார்த்தவரை, முதலில் வேண்டியது வீடு. ரேஷன் கார்டு, ஆதார் திருத்தம், வங்கிக் கணக்கு எல்லாம் முகவரி கேட்கும். நிபந்தனையோடு முன்கூட்டியே விடுவிக்கப்பட்டவர் என்றால் நன்னடத்தை அலுவலரும் கேட்பார். அக்கா வீட்டில் பத்து நாள், நண்பர் கடையில் பத்து நாள் என்று இருப்பவருக்குக் கிடைத்த வேலையும் நிலைக்காது.

1998-க்குப் பிறகு நம் பெயரைக் கேட்டதும் ‘வீடு இல்லை’ என்று சொன்ன காலத்தை நாம் மறந்திருக்க மாட்டோம். கரும்புக்கடை, குனியமுத்தூர் பக்கம் நம்மவர்கள் பெருகியதற்கு அதுவும் ஒரு காரணம். இன்று அதே தெருக்களில் நாமே, “ஜெயிலுக்குப் போனவரா? வேண்டாம் பாய்” என்கிறோம். அந்த வழக்கில் தீர்ப்பு வந்தது 2007-ல். ஒன்பது ஆண்டு உள்ளே இருந்துவிட்டுக் குற்றமற்றவர் என்று வெளியே வந்தவர்களும் உண்டு. தண்டனை பெற்றவருக்கும் அதை அனுபவித்தபின் தண்டனை முடிந்துவிட்டது.

வீட்டுக்காரர்களின் பயம் போலீஸ் விசாரணை. எழுத்து ஒப்பந்தம் போட்டு, வாடகை அதிகாரியிடம் பதிந்து, வாடகைதாரர் விவரத்தை ஸ்டேஷனில் முன்பே கொடுத்துவிட்டால் மறைக்க ஒன்றுமில்லை. 2019-ல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் எழுத்து ஒப்பந்தத்தை எல்லாருக்குமே கட்டாயமாக்கியிருக்கிறது.

அடுத்தது அட்வான்ஸ். மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்பது அச்சட்டத்தின் பொது விதி. ஆனால் இருவரும் ஒப்புக்கொண்டால் கூடுதலாக வாங்க வழியிருப்பதால் பத்து மாதம் கேட்கிறார்கள். 6,000 ரூபாய் லைன் வீட்டுக்கு 60,000. நேற்று வெளியே வந்தவர் எங்கே போவார்?

இதை ஜகாத்தில் கொடுக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். அவர் ஏழையாகவோ கடனாளியாகவோ இருந்தால், தவ்பா அத்தியாயம் 60-வது வசனம் சொல்லும் 8 பிரிவில் வந்துவிடுகிறார். ஆனால் ஹனஃபி மத்ஹபின்படி பணம் அவருக்கே சொந்தமாக வேண்டும். வீடு காலி செய்யும்போது அட்வான்ஸை அறக்கட்டளை திரும்ப வாங்கிக்கொள்வதானால் அது ஜகாத் ஆகாது. அதற்கு ஸதகாவிலிருந்து அழகிய கடனாகக் கொடுப்பதே சரி. இரண்டு கணக்கையும் நாங்கள் தனித்தனியாக வைத்திருக்கிறோம்.

உங்கள் வீட்டில் யாராவது விடுதலையாக இருந்தால் தேதி தெரிந்த உடனே சொல்லுங்கள். வந்தபின் தேடுவது கஷ்டம். சிறையிலுள்ள நல அலுவலரிடமும் இப்போதே பேசிவிடுங்கள். தொழில் தொடங்குவதற்கான உதவிக்கு அவர் வழிகாட்டுவார். காலி லைன் வீடு வைத்திருப்பவர்கள் அஸருக்குப் பிறகு அலுவலகத்துக்கு வரலாம். ஒப்பந்தத்தில் சாட்சிக் கையெழுத்து நாங்கள் போடுகிறோம்.