“நிறுத்து” என்று சொல்லும் பொறுப்பு

துறைமுகத் திருத்தக் குழுவுக்குப் பெண் தலைமை தாங்க முடியாதா?

புதுக்கடை என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது நீதிமன்றங்களும் கறுப்பு அங்கி அணிந்த சட்டத்தரணிகளும்தான். ஆனால் இங்குள்ள ஒழுங்கைகளிலும், சற்றுத் தள்ளியுள்ள கொட்டாஞ்சேனை, கொச்சிக்கடை வீடுகளிலும் துறைமுகத்தை நம்பி அடுப்பெரிந்த குடும்பங்கள் பல. “எங்கள் அப்பா ஹாபர் வேலைக்குப் போனவர்” என்று சொல்லும் பெண்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அப்பா அங்கே என்ன வேலை செய்தார், எத்தகைய ஆபத்தின் நடுவே செய்தார் என்று கேட்டால், பலருக்கும் சொல்லத் தெரியாது.

துறைமுகத்தில் கப்பல் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். கப்பலிலிருந்து பெட்டிகளை இறக்கும் இயந்திரங்களை இரவு பகலாகப் பழுது பார்ப்பவர்களை யாரும் கவனிப்பதில்லை. அத்தகைய குழுவொன்றுக்குத் தலைமை தாங்குவது எப்படிப்பட்ட வேலை என்று சற்றுப் பார்ப்போம்.

கல்லிலிருந்து கொள்கலன் வரை

கொழும்புத் துறைமுகத்தின் தென்மேற்கு அலைதடுப்புச் சுவருக்கு 1875 டிசம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. 1885இல் அது நிறைவு பெற்றது. அக்காலத்தில் பாரம் சுமந்தவை மனிதத் தோள்கள். 1927இல் துறைமுகத் தொழிலாளர் ஏ. ஈ. குணசிங்க தலைமையில் நடத்திய வேலைநிறுத்தம் இந்நாட்டுத் தொழிலாளர் வரலாற்றில் முக்கியமானது.

1979இல் இலங்கைத் துறைமுக அதிகார சபை அமைக்கப்பட்டது. 1980களில் ஜய கொள்கலன் முனையம் வந்த பிறகு வேலையின் தன்மையே மாறியது. 2024இல் இத்துறைமுகம் இருபது அடி அளவில் கணக்கிட்டால் 75 இலட்சத்துக்கும் மேற்பட்ட கொள்கலன்களைக் கையாண்டது. அவ்வளவையும் தூக்குபவை பாரந்தூக்கிகள். அவை நின்றால் கப்பல் நிற்கும். கப்பல் நின்றால் ஒவ்வொரு மணித்தியாலமும் பணம்.

ஒரு நாள் வேலை

குழுத் தலைவரின் வேலை சம்மட்டியை எடுப்பதில் தொடங்குவதில்லை. பதிவுப் புத்தகத்தை வாசிப்பதில்தான் தொடங்குகிறது. முந்திய முறை வேலையாட்கள் எதைத் திருத்தினார்கள், எதை அரைகுறையாக விட்டார்கள், எந்த இயந்திரம் வழக்கத்துக்கு மாறான சத்தம் போட்டது என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். பிறகு ஆட்களைக் கூட்டி, இன்று யார் எங்கே, என்ன ஆபத்து என்று சில நிமிடங்கள் பேச வேண்டும்.

கொள்கலனைப் பிடித்துத் தூக்கும் இரும்புச் சட்டகம் அடிக்கடி கோளாறு தரும் பகுதி. அதன் நான்கு மூலைகளிலும் உள்ள பூட்டுகள் பெட்டியின் மூலைத் துளைகளுக்குள் நுழைந்து திரும்ப வேண்டும். ஒன்று சரியாகத் திரும்பாவிட்டாலும் தூக்கக்கூடாது. அடுத்தது கம்பிவடம். அதில் எத்தனை இழை அறுந்திருக்கிறது, விட்டம் குறைந்திருக்கிறதா, துருவேறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உப்புக் காற்று இரும்பை ஓயாமல் தின்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் சொல்லவே வேண்டாம்.

எல்லாவற்றிலும் முக்கியமானது பூட்டும் சாவியும். இயந்திரத்தில் கைவைக்கு முன் மின்சாரத்தைத் துண்டித்து, வேலை செய்யும் ஒவ்வொருவரும் தத்தம் பூட்டை அந்த ஆளியில் மாட்ட வேண்டும். சாவி அவரவர் சட்டைப்பையில் இருக்கும். கடைசி ஆள் வெளியே வந்து தன் பூட்டைக் கழற்றும்வரை யாரும் மின்சாரம் கொடுக்க முடியாது. நாலு ரூபாய்க் காரியமாகத் தெரியும் இந்த ஒழுங்குதான் உயிர்களைக் காக்கிறது.

துணிவு எதில்?

கப்பல் காத்திருக்கிறது. மேலிடத்திலிருந்து தொலைபேசி அழைப்பு மேல் அழைப்பு. “இந்தக் கப்பல் முடியட்டும், பிறகு பார்ப்போம்” என்கிறார்கள். அப்போது, “இல்லை, இந்த வடத்தை மாற்றாமல் தூக்க விடமாட்டேன்” என்று சொல்ல ஒருவர் வேண்டும். திருத்தக் குழுவின் தலைமை என்பதன் சாரம் இதுதான்.

சிறு பழுதைத் தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பதை நம் கடற்கரையே கண்டது. 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் தீப்பற்றியது. அதிலிருந்த நைத்திரிக் அமிலக் கொள்கலன் ஒன்று கசிவது, கப்பல் இங்கு வருவதற்கு முன்பே தெரிந்திருந்தது. அதை இறக்க வேறு துறைமுகங்களில் இடம் கிடைக்கவில்லை. முடிவில் நீர்கொழும்பின் மீனவரும், மீன் விற்றும் கருவாடு போட்டும் பிழைத்த பெண்களும் வருமானம் இழந்தனர்.

பெண்ணால் முடியுமா?

“பாரமான வேலை, பெண்ணுக்குச் சரிவராது” என்பார்கள். பாரத்தைத் தூக்குவது இயந்திரம். தலைவருக்கு வேண்டியவை அறிவு, கவனம், நினைவாற்றல், ஆட்களின் முகக்குறிப்பை அறிதல். இரவு சரியாகத் தூங்காமல் வந்தவரை உயரத்துக்கு ஏற்றாமல் கீழே நிறுத்தி வைப்பதும் தலைமையே.

இலங்கையின் முதற் பெண் பொறியியலாளர் ஒரு தமிழ்ப் பெண். பிரேமளா சிவப்பிரகாசபிள்ளை 1960இல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடத்தில் சேர்ந்தபோது அவருக்கு முன்மாதிரி யாரும் இருக்கவில்லை. பின்னர் அவர் அரச கட்டடத் திணைக்களத்தில் உயர்நிலைப் பொறியியலாளராகப் பணியாற்றினார். அண்டையில் கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகத்தில், 2024இல் வேலைகள் தொடங்கியபின், தானியங்கிப் பாரந்தூக்கிகளைக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து இயக்கும் பணிக்கு அவ்வூர்ப் பெண்களும் சேர்க்கப்பட்டார்கள்.

தடை வேறிடத்தில் இருக்கிறது. வேலைத்தளத்தில் பெண்களுக்குக் கழிப்பறை இருக்கிறதா? உடலுக்கு ஏற்ற அளவில் காலணியும் பாதுகாப்புப் பட்டியும் தருகிறார்களா? இரவு முறை முடிந்தால் வீடு சேர வாகனம் உண்டா? தொல்லை கொடுப்பவர்மீது முறையிட்டால் கேட்பார்களா? இவற்றுக்குப் பதில் தர வேண்டியது நிர்வாகம். கேட்க வேண்டியது நாமும் தொழிற்சங்கங்களும். இருபது வருட அனுபவமுள்ள பாஸ்மார் இளம்பெண்ணொருத்தியை முதலில் “தங்கச்சி” என்றுதான் அழைப்பார்கள். அதில் தவறில்லை. ஆனால் அவள் “நிறுத்து” என்றால் நிறுத்த வேண்டும். அந்த அதிகாரத்தை நிர்வாகம் எழுத்தில் கொடுத்திருக்க வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

சாதாரண தரத்தோடு மகளின் படிப்பு நின்றுவிட்டால் தையல், அழகுக்கலை என்று மட்டும் யோசிக்காதீர்கள். 1893இல் தொடங்கிய மருதானைத் தொழினுட்பக் கல்லூரி புதுக்கடைக்கு அருகிலேயே இருக்கிறது. தொழிற் பயிற்சி அதிகார சபையின் நிலையங்களும் உண்டு. மின்னியல், இயந்திரவியல், உருக்கி ஒட்டுதல் போன்றவற்றில் தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் பெறலாம். நான்காம் மட்டத்தைப் பெற்றவள் தேர்ச்சி பெற்ற தொழிலாளி. அதற்கு மேல் டிப்ளோமா, பட்ட மட்டம் வரை படிகள் இருக்கின்றன.

வேலைக்குப் போன தகப்பனும் பிள்ளையும் மாலையில் முழு உடம்போடு வீடு திரும்ப வேண்டும் என்பதே நம் எல்லோருடைய வேண்டுதல். அதற்குப் பொறுப்பாக நிற்கும் இடத்தில் நம் பெண்பிள்ளைகளும் நிற்கட்டும்.