புடவையா, சுடிதாரா? டெல்டாவில் வேலைக்குப் போகும் பெண்களுக்கு எந்த உடை தோதுப்படும்?

காலை எட்டரை மணிக்குத் தஞ்சாவூர் பழைய பேருந்து நிலையத்தில் நின்று பார்த்தால் தெரியும். ஒரு கையில் சாப்பாட்டுப் பை, மறு கையில் புடவைக் கொசுவம், தோளில் ஹேண்ட்பேக். இத்தனையோடும் டவுன் பஸ்ஸின் உயரமான படியில் ஏற வேண்டும். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை; கூட்டத்துக்குக் கேட்கவா வேணும்? மடிப்பு கலையாமல் ஆபீஸ் போய்ச் சேர்வதே ஒரு வேலைதான்.

விதி என்ன சொல்கிறது?

2019-ல் தமிழக அரசு, தலைமைச் செயலக அலுவலக நடைமுறை விதிகளில் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. பெண் ஊழியர்கள் புடவை, சல்வார் கமீஸ், துப்பட்டாவுடன் சுடிதார் ஆகியவற்றில் எதையும் அணியலாம். உறுத்தாத நிறமாக இருக்க வேண்டும் என்பதே அதன் சாரம். ஆனாலும் "புடவை கட்டினாத்தான் மரியாதை" என்று முகத்துக்கு நேராகச் சொல்லும் மேலதிகாரிகள் இன்னும் இருக்கத்தான் செய்கிறார்கள். கேரளத்தில் 2021 நவம்பரில், ஆசிரியைகளைப் புடவை கட்டச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று உயர்கல்வித் துறையே உத்தரவு போட வேண்டியிருந்தது. எழுதிய விதியைவிட எழுதாத வழக்கம் கெட்டியானது. புதிதாகச் சேர்பவர்கள் அங்கே ஏற்கெனவே வேலை பார்க்கும் ஒரு அக்காவிடம் கேட்டுக்கொண்டு அப்புறம் துணி எடுப்பது நல்லது.

கஞ்சி போட்ட காட்டன்

நெல் விளையும் ஊரில் காட்டன் புடவைக்கு வடிகஞ்சி போடுவது பாட்டி காலத்துப் பழக்கம். விறைப்பாக நிற்கும், பார்க்கவும் எடுப்பு. ஆனால் ஒல்லியானவர்களுக்கு அது பொருந்துகிற மாதிரி எல்லோருக்கும் பொருந்தாது. கொசுவம் உப்பிக்கொண்டு இடுப்பைப் பெரிதாகக் காட்டும். கஞ்சியை நீர்க்கக் கரைத்தால் துணி உடம்போடு படியும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கஞ்சித் துணியை மடித்து வைத்தால் பூஞ்சை பிடிக்கும், பூச்சியும் அரிக்கும். அந்த இரண்டு மாதமும் கஞ்சிக்கு லீவு விட்டுவிடலாம்.

புவிசார் குறியீடு பெற்ற திருபுவனம் பட்டு, மயிலாடுதுறை கூறைநாட்டின் பட்டும் பருத்தியும் கலந்த கூறைப்புடவை என்று டெல்டாவுக்குத் தறிப் பெருமை உண்டு. அவை கல்யாணத்துக்கு. தினசரி எட்டு மணி நேரம் உட்கார்ந்து எழ கோவை கோரா காட்டன், மெல்லிய லினன் போன்றவை வசதி. குட்டையானவர்கள் ஒடுக்கமான பார்டர் எடுத்தால் உயரமாகத் தெரிவார்கள். 'பூனம் சேலை' துவைத்ததும் காய்ந்துவிடும், இஸ்திரியும் வேண்டாம். ஆனால் சித்திரை வெயிலில் அதைக் கட்டிக்கொண்டு பஸ்ஸில் நின்றவர்களைக் கேட்டால் தெரியும், அந்தப் புழுக்கம்!

வயலில் இறங்குகிறவர்கள் கதை வேறு. பயிர்ச் சேதக் கணக்கெடுப்புக்குப் போகும் பெண் வி.ஏ.ஓ., வேளாண் உதவி அலுவலர் போன்றவர்கள் வழுக்கும் வரப்பில் நடக்க வேண்டும். சில நேரம் முழங்கால் சேற்றிலும் நிற்க வேண்டும். தை, மாசியில் கொள்முதல் நிலையத்தில் நெல் தூசு அப்பிக்கொள்ளும், சுனை அரிக்கும். இவர்களுக்கு முழுக்கை காட்டன் குர்தியும் கணுக்காலோடு நிற்கும் பேண்ட்டும்தான் சரி. வெள்ளை, கிரீம் நிறங்கள் வேண்டவே வேண்டாம். பழுப்பு, கரும்பச்சை, மெரூன் கறையைக் காட்டிக்கொடுக்காது. ரேயான் குர்தி எடுத்தால் ஒரு சைஸ் பெரிதாக எடுக்க வேண்டும். முதல் சலவையிலேயே சுருங்கிவிடும்.

டூவீலரில் போனால் உயிரும் உடையோடு சம்பந்தப்பட்டது. பின்னால் உட்கார்பவரின் துணி சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதியாவது மூடியிருக்க வேண்டும் என்கிறது 1989-ம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதி. 'ஸாரி கார்டு' என்று நாம் சொல்வது அதைத்தான். அழகு கெடுகிறதென்று அதைக் கழற்றிவிடுகிறவர்கள் உண்டு. அது இருந்தாலும் முந்தானையை இழுத்துச் செருகாமல் வண்டியில் ஏறக் கூடாது. துப்பட்டாவைக் கழுத்தைச் சுற்றிப் பின்னால் பறக்க விடுவது அதைவிட ஆபத்து. இரண்டு முனையையும் முன்பக்கம் முடிந்துகொள்ள வேண்டும். அல்லது பையில் வைத்துக்கொண்டு ஆபீஸ் வாசலில் எடுத்துப் போடலாம்.

மேலவஸ்தாசாவடியில் 2024 செப்டம்பரில் மினி டைடல் பார்க் திறந்த பிறகு ஐ.டி. வேலைக்குச் சென்னைதான் போக வேண்டும் என்ற நிலை கொஞ்சம் மாறியிருக்கிறது. ஏ.சி. அறைக்குள் நாள் முழுக்க உட்கார்பவர்களுக்கு காட்டன் ஷர்ட், தளர்வான பேண்ட், கூடவே ஒரு மெல்லிய ஓவர்கோட் போதும். கீழவாசல் கடைகளில் துணி எடுத்துத் தைக்கக் கொடுப்பவர்கள் ஒன்றை மறக்காமல் டெய்லரிடம் சொல்ல வேண்டும்: குர்தியில் பாக்கெட். "லேடீஸுக்கு எதுக்கும்மா?" என்று அவர் கேட்பார். போன் வைக்கத்தான் என்று சொல்லி, உள்ளங்கை முழுசாக நுழைகிற ஆழத்துக்கு வைக்கச் சொல்லுங்கள்.