ஹேட்ரியன் சுவரின் தென்புற மண்ணரண்: பெயரும் காலமும்

வட இங்கிலாந்தின் குறுக்கே 80 உரோமானிய மைல், அதாவது ஏறத்தாழ 117 கிலோமீட்டர் நீளும் ஹேட்ரியன் சுவரின் கட்டுமானம் கி.பி. 122 அளவில் தொடங்கியது. அதன் தெற்கே மண்ணால் அமைந்த மற்றோர் அரண் செல்கிறது. நடுவில் தட்டையான அடியுடைய அகழ், அதன் இருமருங்கும் சற்று விலகி இரு மண்மேடுகள். மொத்த அகலம் சுமார் 36 மீட்டர். இம்மண்ணரணை எழுப்பியவர் யார் என்னும் சிக்கல் தீர்ந்த முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

இவ்வரணை ஆய்வாளர் ‘வல்லம்’ என்பர். இலத்தீனில் இச்சொல் குறிப்பது அகழையன்று, மேட்டரணை. கி.பி. 731இல் தம் திருச்சபை வரலாற்றை முடித்த பீட் என்னும் துறவி, மண்ணரணையும் கற்சுவரையும் வேறுபடுத்தி, முன்னதற்கு இச்சொல்லை ஆண்டார், பெயர் நிலைத்துவிட்டது. தமிழில் ‘அகழி’ என்றால் நீர்நிறைந்த அரணே நினைவுக்கு வரும். இங்குள்ளது நீரற்றதாதலின் ‘அகழ்’ என்பதே பொருந்தும் எனக் கருதுகிறேன்.

பீட், மண்ணரணைச் செவரஸ் பேரரசனுக்கு உரியதாக்கினார். கற்சுவரையோ உரோமானியர் பிரித்தானியாவை விட்டு நீங்கிய காலத்துக்குத் தள்ளினார். அவர் வாழ்ந்த மடம் சுவரின் கீழைமுனைக்கு அண்மையது. கண்ணால் கண்டவர் கூற்று என்பதால் அதற்கு மதிப்பு மிகுதி. 1732இல் வெளிவந்த ‘பிரித்தானியா ரொமானா’வில் ஜான் ஹார்ஸ்லி இதனை மாற்றி, மண்ணரணின் பெரும்பகுதியை ஹேட்ரியனுக்கும் கற்சுவரைச் செவரசுக்கும் அளித்தார். ஹேட்ரியனும் செவரசும் சுவர் எழுப்பினர் எனப் பழைய இலத்தீன் வரலாறுகள் கூறுவதால், இருவருக்கும் ஆளுக்கொன்று பகிர்ந்தளிப்பது எளிய தீர்வாயிற்று. நூற்சான்றுகளை முரணின்றிப் பொருத்தியதேயன்றி, நிலம் கூறுவதைக் கேட்டதன்று இத்தீர்வு.

1840இல் ஜான் ஹாட்ஜ்சன் தம் நார்தம்பர்லாந்து வரலாற்றின் மிக நீண்ட அடிக்குறிப்பொன்றில், இரண்டும் ஹேட்ரியன் காலத்தனவே என வாதிட்டார். (அடிக்குறிப்பைப் படியாது கடப்போர் கவனிக்க.) சுவரோடு இணைந்த சிறுகோட்டைகளில் கிடைத்த கல்வெட்டுகள் ஹேட்ரியனையும் ஆளுநர் பிளாட்டோரியஸ் நெபோஸையும் குறிப்பிடுவது அவர் முடிவுக்கு அரணாயிற்று. செவரஸ் செய்தது பழுதுபார்ப்பே எனப் பின்வந்தோர் கொண்டனர்.

மண்ணரணின் போக்கும் முதன்மையான சான்றாகும். பெரும்பாலும் நேராகச் செல்லும் அது, பென்வெல் போன்ற கோட்டைகளை அணுகுமிடத்தில் வளைந்து விலகுகிறது. கோட்டை முன்னரே அமைந்திருந்தாலோ, அதன் இடம் முடிவாகியிருந்தாலோ அன்றி இவ்வளைவு நேராது. அகழைக் கடக்கும் வழிகள் கோட்டைகளின் எதிரே வாயிலோடு அமைந்தன. பென்வெல்லில் அத்தகைய கடவையொன்று இன்று குடியிருப்புகளின் நடுவே காணக்கிடைக்கிறது. இருபுறமும் ஒத்த மேடுகள் இருத்தலின், ஒரு பக்கம் நின்று பகைவரைத் தடுக்கும் போரரணாக இதனைக் கொள்ளுதல் அரிது. படைக்குரிய நிலப்பகுதியை வரையறுத்து, தெற்கிலிருந்து வருவோரைக் கோட்டை வாயில்வழியே செலுத்தும் எல்லை என்பதே பொருத்தமான விளக்கம்.

அந்தோனினஸ் பயஸ் காலத்தில் எல்லை வடக்கே ஸ்காட்லாந்துக்கு நகர்ந்தபோது இக்கட்டுப்பாடு தேவையற்றதாயிற்று. மேடுகளை இடையிடையே வெட்டித் திறந்து, அம்மண்ணை அகழில் கொட்டி வழிகள் சமைத்தனர். அவ்வெட்டுகள் சில இடங்களில் புல்மேட்டின் இடைவெளிகளாக இன்றும் தெரிகின்றன.