திட்டம் எழுதும் மேசையில் நம் பிள்ளைகள்

நம் காலனிக்கு வரும் ஒவ்வொரு திட்டத்தையும் யாரோ ஒருவர் எங்கோ உட்கார்ந்து எழுதியிருக்கிறார். தொகுப்பு வீடு யாருக்கு, கல்வி உதவித்தொகைக்கு வருமான வரம்பு எவ்வளவு, நூறு நாள் வேலைக்குக் கூலி என்ன, எந்தச் சான்றிதழைக் கேட்பது என்பதெல்லாம் அந்த எழுத்தில்தான் முடிவாகிறது. திட்டம் வந்த பிறகு மனு எழுதுவதில் நாம் தேர்ந்தவர்கள். திட்டத்தையே எழுதும் இடத்தில் நாம் இருக்கிறோமா?

அதைக் கற்றுத்தரும் படிப்புக்குப் பொதுக்கொள்கை என்று பெயர். ஆசிரியர் தேர்வு, குரூப் 4, போலீஸ் வேலை என்றே பழகிவிட்ட நம் மாணவர்களில் பலர் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். கலெக்டர் ஆக வேண்டும் என்று கனவு காண்கிறோம், நல்லது. அந்தக் கலெக்டர் கைக்கு வரும் அரசாணைக்குப் பின்னால் இருக்கும் ஆய்வைச் செய்பவர்கள் யார் என்றும் பார்ப்போம்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வால்தம் என்ற ஊரில் பிராண்டைஸ் பல்கலைக்கழகம் இருக்கிறது. பெரிய பல்கலைக்கழகங்கள் பல, யூத மாணவர்களை ஓர் அளவுக்கு மேல் சேர்க்க மறுத்துவந்த காலத்துக்குப் பின், யூத சமூகத்தினர் 1948இல் தொடங்கியது. கதவு அடைக்கப்பட்டவர்கள் கட்டிய கல்விக்கூடம் என்று சொல்லலாம். அதற்குள் 1959இல் உருவானது ஹெல்லர் பள்ளி. சமூகக் கொள்கையில் முனைவர் பட்டம் தரும் பள்ளி அது. முதியோர் நலம், மருத்துவம், குழந்தைகள், வறுமை, சொத்து ஏற்றத்தாழ்வு ஆகியவை அங்கே ஆய்வுப் பொருள்கள்.

கூலித் தொழிலாளியின் மகன்

அங்கே படித்தவர்களில் ஒருவர் ஃபெர்னாண்டோ டோரஸ் கில். கலிபோர்னியாவின் சலினாஸ் பகுதியில், பயிர் அறுவடைக்காக ஊர் ஊராகப் போன விவசாயக் கூலிக் குடும்பத்தில் பிறந்தவர். கைக்குழந்தையாக இருந்தபோதே போலியோ தாக்கியது. ஹெல்லர் பள்ளியில் 1976இல் முனைவர் பட்டம் பெற்றார். 1993இல் கிளின்டன் அரசில் முதியோர் நலனுக்கான துணை அமைச்சர் நிலையிலான பதவி உருவானபோது, அதில் அமர்ந்த முதல் ஆள் இவர்தான். கூலி வேலையும் ஊனமும் வறுமையும் எப்படியிருக்கும் என்று அவருக்கு யாரும் அறிக்கை எழுதிக் காட்ட வேண்டியதில்லை.

வாழ்ந்தவர் ஆய்வுக்கு வரும்போது கேள்வி மாறுகிறது என்பதுதான் இதில் நமக்கான செய்தி. இன்னொரு எடுத்துக்காட்டும் அதே பள்ளியில் உண்டு. பேராசிரியர் தாமஸ் ஷாபிரோவும் அவருடன் பணியாற்றிய ஆய்வாளர்களும் கறுப்பின மக்களின் வறுமையைக் கூலியை மட்டும் வைத்து அளக்கவில்லை. ஒரே அளவு சம்பளம் வாங்கும் வெள்ளையர் குடும்பத்துக்கும் கறுப்பினக் குடும்பத்துக்கும் சொத்தில் ஏன் இவ்வளவு வேறுபாடு என்று கேட்டார்கள். சொந்த வீடு யாருக்கு வாய்த்தது, அப்பன் பாட்டன் விட்டுப்போனது யாருக்கு எவ்வளவு என்று கணக்கெடுத்தார்கள்.

இதைப் படிக்கும்போது நமக்குப் பஞ்சமி நிலம் நினைவுக்கு வராமல் இருக்காது. செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் 1891இல் கொடுத்த அறிக்கையும் ஒரு கொள்கை ஆய்வுதான். அதன் பயனாகத்தான் 1892இல் நிலம் ஒதுக்கும் ஆணை வந்தது. அந்த நிலம் இன்று யார் கையில் இருக்கிறது, அது கைவிட்டுப் போனதால் மூன்று தலைமுறையில் நாம் இழந்த சொத்து எவ்வளவு என்பது ஒரு முனைவர் பட்ட ஆய்வுக்குத் தகுதியான கேள்வி. கிராம நிர்வாக அலுவலகத்தில் 'அ' பதிவேட்டைக் கேட்டு அலைந்த குடும்பத்துப் பிள்ளைக்கு அந்தக் கேள்வி பிறந்தது முதல் தெரியும்.

சாதி என்ற சொல்

2019 டிசம்பரில் பிராண்டைஸ் பல்கலைக்கழகம் தன் பாகுபாடு தடுப்பு விதியில் சாதியைச் சேர்த்தது. அமெரிக்காவில் இதைச் செய்த முதல் பல்கலைக்கழகம் அது. ஹெல்லர் பள்ளியில் பேராசிரியர் லாரன்ஸ் சைமன் தலைமையிலான வளர்ச்சி ஆய்வு மையம் 2020இல் சாதி குறித்து ஆய்விதழ் ஒன்றை வெளியிடத் தொடங்கியது. 2022 ஜனவரியில் 23 வளாகங்கள் கொண்ட கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம் இதே விதியை ஏற்றது. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகர மன்றம் சட்டமே இயற்றியது. ஒரு வளாகத்தில் எழுதப்பட்ட ஒரு சொல், மூன்றே ஆண்டில் ஒரு நகரத்தின் சட்டமாகவும் ஆனது.

அங்கே சாதியை ஆய்வு செய்ய இடம் இருக்கிறது. இங்கிருந்து போவதற்கு வழி இருக்கிறதா? பட்டியலின மாணவர்கள் வெளிநாட்டில் முதுகலை, முனைவர் பட்டம் படிக்க ஒன்றிய சமூகநீதி அமைச்சகத்தின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை உண்டு. மொத்தம் 125 இடங்கள். அதில் 115 பட்டியலினத்தவருக்கு. இந்தியா முழுமைக்கும் அவ்வளவுதான். 2022இல் அதன் விதிகளில் ஒரு நிபந்தனையைச் சேர்த்தார்கள். இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுகளுக்கு இந்த உதவித்தொகை கிடையாது என்பதே அது. சாதியால் பின்தள்ளப்பட்டவர் என்பதால் உதவித்தொகை. ஆனால் அந்தச் சாதியை ஆய்வு செய்யக் கூடாது!

அண்ணல் அம்பேத்கர் 1913இல் பரோடா மன்னரின் உதவித்தொகையில் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார். 1916 மே மாதம் அங்கே அவர் படித்த கட்டுரை, இந்தியாவில் சாதிகள் எப்படித் தோன்றின என்பதைப் பற்றியது. பிரிட்டிஷ் இந்தியாவில் மாகாணங்களின் நிதி பற்றிய அவரது ஆய்வு 1925இல் நூலானது. 1927இல் அதே பல்கலைக்கழகம் முனைவர் பட்டம் அளித்தது. வரிப்பணம் எங்கே வசூலாகி எங்கே போகிறது என்ற அந்த ஆய்வு முழுக்கப் பொதுக்கொள்கைதான். இன்றைய நிபந்தனை அன்று பரோடாவில் இருந்திருந்தால் அந்தச் சாதிக் கட்டுரைக்கு என்ன கதி ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

அந்த நிபந்தனையை நீக்கச் சொல்லி நம் நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் கேட்பது நம் கடமை. மாணவர்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். தமிழக அரசிடமும் வெளிநாட்டு உயர்கல்விக்கான உதவித்தொகைத் திட்டம் இருக்கிறது. மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் விவரம் கேளுங்கள். அமெரிக்காவில் பல முனைவர் பட்டப் படிப்புகளில் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, செலவுக்கும் பணம் தருகிறார்கள். விண்ணப்பத்தில் அவர்கள் முதலில் பார்ப்பது, உங்கள் ஆய்வுக் கேள்வி என்ன என்பதைத்தான்.

தமிழ் வழியில் படித்தோமே என்று தயங்க வேண்டாம். ஆங்கிலத்தைப் பயிற்சியால் பிடித்துவிடலாம். ரேஷன் கடை வரிசை, விடுதிச் சோறு, பட்டா கிடைக்காத வீடு இவற்றிலிருந்து வரும் கேள்வி உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதை இன்றே ஒரு தாளில் எழுதி வையுங்கள்.