சம்கிக்கும் ஒரு தபால்தலை வேண்டும்

2019 ஜூனில், 'செசமி ஸ்ட்ரீட்' தொடரின் 50-வது ஆண்டையொட்டி, ஒரே தாளில் 16 தபால்தலைகளை அமெரிக்க அஞ்சல் துறை வெளியிட்டது. ஒவ்வொன்றிலும் ஒரு பொம்மையின் முகம் மட்டும்தான். பிக் பேர்டின் மஞ்சள் இறகும் எல்மோவின் சிவப்பு மயிரும் ஓரம் வரை நிறைந்திருக்கும். டி.வி. முன் உட்கார்ந்த குழந்தை எவ்வளவு கிட்டத்தில் அவற்றைப் பார்த்ததோ, அவ்வளவு கிட்டம். 2005-லேயே ஜிம் ஹென்சனும் அவருடைய மப்பெட் பொம்மைகளும் அங்கே தபால்தலை ஏறிவிட்டார்கள். அதே தொடரின் இந்திய வடிவமான 'கலி கலி சிம் சிம்' இங்கே 2006-ல் தொடங்கியது. பள்ளிச் சீருடையும் இரட்டைப் பின்னலுமாக வந்த சம்கியும், இளஞ்சிவப்புச் சிங்கம் பூம்பாவும் அதில் பிறந்தவர்கள். மும்பைக்கென்று ஒரு மூத்த பொம்மையும் உண்டு. யஷ்வந்த் பாத்யே உருவாக்கி, மகன் ராம்தாஸ் பாத்யே பேசவைத்த அர்தவட்ராவ். இவர்களை நம் தபால்தலையில் ஏற்ற வேண்டும் என்பதே என் வாதம்.

மும்பை குர்லாவின் நேரு நகரிலும் எல்.பி.எஸ். சாலைச் சந்துகளிலும் வளரும் தமிழ்ப் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். வீட்டில் தமிழ், வாசலில் இந்தி, பள்ளியில் மராத்தி அல்லது ஆங்கிலம். அந்தப் பிள்ளையின் தப்பும் தவறுமான இந்தியைக் கேட்டுச் சிரிக்காத முதல் துணை, பெட்டிக்குள் பேசிய பொம்மைதான். சொன்னதையே திரும்பச் சொல்லும், சலிக்காது. பள்ளிக்கூடம் போக ஆசைப்படும் ஒரு பெண் குழந்தையை நாயகியாக்கியது எவ்வளவு பெரிய காரியம்! அதைச் சின்னப் பிள்ளை சமாச்சாரம் என்று ஒதுக்கிவிட முடியாது.

தபால்தலை தலைவர்களுக்கும் அறிஞர்களுக்கும் உரியது, கற்பனைப் பாத்திரத்துக்கு எதற்கு என்பார்கள். 1988-ல் டைம்ஸ் ஆஃப் இந்தியாவின் 150-வது ஆண்டுத் தபால்தலையில் ஆர்.கே. லக்ஷ்மணின் 'சாமானியன்' இடம்பெற்றான். அவனும் கற்பனைதான், அவனும் மும்பைக்காரன்தான். சம்கியின் உரிமை வெளிநாட்டு நிறுவனத்திடம் இருக்கிறதே என்பது இதைவிட வலுவான ஆட்சேபம். அனுமதி வாங்கினால் தீரும் சிக்கல் அது. அப்படியும் மனம் ஒப்பாதவர்கள் அர்தவட்ராவிலிருந்து தொடங்கலாம். அவர் ஒரு குடும்பத்தின் கைவேலை. முதுகுப்புறம் நுழைந்த கை உள்ளே விசையை இழுக்க, வாய் அசையும், கண் உருளும். மேடையிலும் திரையிலும் தலைமுறைகளைச் சிரிக்கவைத்த அந்தக் கலைக்கும் அது மரியாதை.

இப்போது யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று கேட்பது நியாயமே. ஆனால் தபால்தலை சேகரிக்கும் 6 முதல் 9-ஆம் வகுப்பு மாணவர்களுக்கு, தீன்தயாள் ஸ்பர்ஷ் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய் உதவித்தொகை தருவதும் இதே அஞ்சல் துறைதான். சேகரிக்கச் சொல்லும் பிள்ளைகளுக்கு, அவர்கள் நேசித்த முகத்தைத் தர வேண்டாமா?

நவம்பர் 14 குழந்தைகள் தினத்துக்குத் தபால்தலை வெளியிடும் வழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. குர்லா வாசகர்களே, தபால் நிலையத்தில் ஒரு கார்டு வாங்குங்கள். சம்கி, அர்தவட்ராவ் என்ற இரண்டு பெயர்களை எழுதி, டெல்லியில் உள்ள அஞ்சல் துறைக்கு அனுப்புங்கள். முகவரியை உங்கள் வீட்டுப் பிள்ளையின் கையால் எழுதவையுங்கள்.